படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள்

தம்பி,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடையில் அந்தப் பெரிய படத்தின் மேலிருந்த துணியை நீ இழுத்ததும் நான் முதலில் பார்த்தது அதிலிருந்த பெண்ணின் கால்களைத்தான். நீ அவற்றை வெறும் கால்களாக வரைந்திருந்தாய். மற்றதெல்லாம் நான் உனக்குச் சொன்னபடியே இருந்தது. வெளிறிய சேலை, தலையில் முக்காடு, மேடிட்ட வயிற்றின் மேல் ஒரு கை, எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்து நாடி பார்க்கும் நர்ஸம்மா. கால்கள் மட்டும் தப்பு. அந்தத் தப்பு உன்னுடையது இல்லை. கால்களைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

விழுப்புரத்தில் அந்த ஹாலில் அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. படத்தில் இருப்பவள் யார் என்று நீ ஒவ்வொருவராகக் கேட்டாய். ஒருவர் முஸ்லிம் வீட்டு அம்மா என்றார், ஒரு பையன் வடநாட்டு சினிமாக்காரி என்றான், பின்னாலிருந்து ஒரு பெரியவர் மாதா கோயில் கன்னியாஸ்திரி என்றார். யார் என்ன சொன்னாலும் நீ அந்த ஆளாகவே மாறி, அவர் கண்ணால் படத்தைப் பார்த்துக் காட்டினாய். கடைசியில் திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைகளாக மாறினாய். “எம்மா, தாலியறுத்தவளுக்கு வயிறாடி” என்று நீ மோவாயில் கை வைத்தபோது ஹாலே சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையைத் தட்டி, உங்க புள்ளைங்களா என்று கேட்டார்கள். ஆமாங்க என்று சொன்னேன். அதற்குப் பிறகு என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆட்டம் முடிந்து நீ ஓடி வந்து எப்படிம்மா இருந்தது என்று கேட்டபோது, நல்லா இருந்துச்சிப்பா என்றேன். முட்டிவலி என்று பொய் சொல்லி, உன் சிநேகிதர்களோடு சாப்பிடாமல் ரிக்‌ஷா ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் நீ இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போகிறாய். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், கோணலும் பிழையும் இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுதாகப் படி.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினைந்து வயசு. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் வாயில்லாத பெண். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய்விடுவேன். பெயரைக் கேட்டால்கூட என் அம்மாதான் பதில் சொல்லுவாள். அந்த வருஷம் எங்கள் ஊருக்கு கிராம சேவிகா ஒருத்தர் வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம், கல்யாணம் ஆகாத பெண், இருபத்தைந்து வயசு இருக்கும். நாங்கள் சேவிகாம்மா என்று கூப்பிடுவோம். சர்க்காரில் கொடுத்த படங்கள் ஒரு கட்டு வைத்திருந்தார்கள். ஈ மொய்த்த சோறு, கொதிக்க வைத்த தண்ணீர், குழந்தைக்கு அம்மை குத்துவது, இப்படி. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், மல்லாட்டை காயவைக்கும் களத்தில் பொம்பளைகளைக் கூட்டி அவற்றைக் காட்டுவார்கள். பொம்பளைகள் மடியில் மல்லாட்டையை வைத்துக் கடலை உரித்துக்கினே பார்ப்பார்கள். சேவிகாம்மா படத்தை விளக்க மாட்டார்கள். என்ன தெரியுது, சொல்லுங்க பாப்போம் என்று முதலில் கேட்பார்கள். எல்லோரும் சொல்லி முடித்ததும் அந்தப் படத்தில் இருப்பவளாகவே மாறி நடித்துக் காட்டுவார்கள். ஈ விழுந்த சோற்றைச் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உருண்டதைப் பார்க்கப் பக்கத்துத் தெரு ஆம்பளைகள்கூட வந்து தள்ளி நிற்பார்கள். நடிக்கிறவர் கையில் படத்தை வைத்துக்கொள்ள முடியாது இல்லையா? எழுத்துத் தெரிந்த பெண் என்று என்னைக் கூப்பிட்டு, படத்தை உயரப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். படத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் சம்மதித்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். மூன்று காணி நிலம், கேப்பையும் மல்லாட்டையும் போடுவார். அவர் தங்கச்சி அஞ்சலை அக்கா. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் போய், அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவர். இருபத்திரண்டு வயசு. களை எடுப்பது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என்று அந்த வீட்டு வேலை முழுவதும் அவர்தான். அந்த வீடு ஒன்றுதான் அவருக்கு இடம். சேவிகாம்மாவின் கூட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. நாலு பேர் கூடும் இடத்துக்கு நீ வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டிருந்தாள்.

ஒரு நாள் என் அப்பாவுக்கு முதுகில் கட்டி என்று திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அங்கே அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். முறைக்காய்ச்சலுக்கு மருந்து ஊற்றிக்கொடுக்கும் வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சலில் வயிறு கட்டிப்போய் லேசாக உப்பியிருந்தது. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். என்னைப் பார்த்து, இன்னா பாப்பா, உனக்கும் காய்ச்சலா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அப்பா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் சேவிகாம்மா புதுசாக வந்த படம் ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். நீ வரைந்திருக்கிறாயே, அதுதான். வடக்கே எங்கேயோ அச்சடித்தது. பிள்ளைத்தாய்ச்சி மாசாமாசம் நர்ஸிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கான படம். அதை உயர்த்தியதும் களம் அமைதியாகிவிட்டது. உரிக்கும் சத்தம்கூட நின்றது. நம் ஊரில் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போடுவோம், துக்க வீட்டில் போடுவோம். வீட்டுக்குள்ளே, சிரித்த முகமாக, முக்காடு போட்ட பெண்ணை யாரும் பார்த்ததில்லை. நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை, கழுத்து சேலையில் மறைந்திருந்தது. முன்னால் இருந்த ஒரு கிழவி, இது அறுத்தவடி, வயித்தப் பாரு என்று சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சேவிகாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லம்மா, இது நல்ல குடும்பத்துப் பொண்ணு என்றார்கள். நல்ல குடும்பத்துலதான் இதெல்லாம் நடக்குது என்றாள் கிழவி. சிரிப்பு அடங்கவே இல்லை. இதுவரைக்கும் உனக்குத் தெரியும். உன் ஆட்டமும் இங்கேதான் முடிகிறது.

படத்தைக் கையில் பிடித்திருந்தவளுக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது தெரிந்தது. அந்தப் பெண்ணின் பாதம் சுற்றிலும் சிவப்பு. நம் மருதாணி போல, கல்யாணப் பெண்ணின் கால் போல. அறுத்தவள் மருதாணி வைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இவள் புருஷன் இருக்கிறவள், வேறு ஊர்க்காரி, அந்த ஊர்ப் பழக்கம் வேறு, அவ்வளவுதான் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. சேவிகாம்மாவும் அதை நினைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு பாப்பா. கிட்டக்க நிக்கிறியே, இது யாரு?” என்றார்கள்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் படத்துக்கு மேலே முகத்தை நீட்டி, “நம்ம அஞ்சலை அக்கா மாரி இருக்குது” என்றேன்.

களம் அதிரச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் சொல்லி நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது, தம்பி. இன்னும் கொஞ்சம் வேண்டும் போல் இருந்தது. “ஆஸ்பத்திரியில பாத்தேன். இதே மாரி முக்காடு போட்டுக்கினு குந்திக்கினு இருந்தாங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. ஏன் நின்றது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரியாத வயசு என்று நான் பின்னால் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டதெல்லாம் பொய்.

மறுநாள் காலையில் கன்னியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கல்யாணம் கட்டாத பொண்ணு பேரு வெளிய வராது, எங்கிட்ட மட்டும் சொல்லட்டும் என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். பார்த்தேன் என்றேன். “எந்தப் பக்கம் பாப்பா? புள்ளத்தாச்சிங்க குந்துற பக்கமா, மருந்து ஊத்துற பக்கமா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மருந்து ஊற்றுகிற பக்கம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொன்னால், அப்புறம் எதுக்குடி களத்தில் அப்படிச் சொன்னே என்று கேட்பார்கள், பொய்க்காரி என்பார்கள், சேவிகாம்மா படத்தை வேறு பெண்ணிடம் கொடுத்துவிடுவார்கள். இதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் எனக்குள் ஓடியது. கன்னியப்பன் என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம், “கூச்சப்படுற பொண்ணு. அது வாயால எப்படி சொல்லும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். குனிந்த என் தலையும் அவருக்கு ஒரு படமாகிவிட்டது. அவருக்குத் தெரிந்த விதத்தில் அதைப் பார்த்தார். அந்தப் பார்வை தப்பு என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் சேவிகாம்மா வந்தார்கள். அஞ்சலை அக்காவை வீட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள், மருந்து பாட்டிலைக் காட்டிக்கூட யாரும் நம்பவில்லை, நான் மட்டும் வந்து எந்த வரிசையில் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். என் அம்மா வாசலிலேயே நின்று, வியாழக்கிழமை ஒலக்கூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், எம் பொண்ண இதுல இழுக்காதீங்க என்றாள். நான் கதவுக்குப் பின்னால் மல்லாட்டை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தவில்லை. என் அம்மா என்னைக் கட்டிப் போடவும் இல்லை. இரண்டடி எடுத்து வைத்தால் வாசல். சேவிகாம்மா ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, அதை மெல்ல மெல்லக் குடித்தார்கள். நான் வருவேன் என்று காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொம்பைத் திண்ணையோரம் வைக்கும் சத்தம் கேட்டது. தனியாகவே போய்விட்டார்கள். வடக்கே புருஷன் இருக்கிறவர்கள்தான் முக்காடு போடுவார்கள் என்று அவர்கள் அந்த வீட்டில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று கன்னியப்பன் கைகூப்பி அனுப்பிவிட்டாராம்.

அந்த வாரமே அஞ்சலை அக்கா ஒரு துணி மூட்டையோடு திருவெண்ணெய்நல்லூருக்கு பஸ் ஏற்றப்பட்டார். அதுவரைக்கும் அவரை வாசல் தாண்டவும் விடவில்லை, ஊர்ப் பொம்பளை ஒருத்தியும் அவரோடு பேசவும் இல்லை. அங்கே அவருடைய சின்னம்மா கரும்பு வெட்டப் போகிறவள். மாசங்கள் போயின. பிள்ளை பிறக்கவில்லை என்று ஊருக்கே செய்தி வந்தது. அப்போதாவது உண்மை தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? கலச்சிட்டிருப்பா என்று சொல்லிவிட்டார்கள். யாரும் போய் அழைத்து வரவில்லை. ஒலக்கூர்க்காரர்கள் வேண்டாம் என்று போனதால் என் கல்யாணமும் இரண்டு வருஷம் தள்ளி, விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்த உன் அப்பாவோடு நடந்தது.

இனிமேல் எழுதுவதுதான் எனக்கு அதிகக் கூச்சம். ரயில்வே குவார்ட்டர்ஸில் பொதுக்குழாய் ஒன்றுதான். பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்போம். எல்லோரும் பேசுவார்கள், நான் மட்டும் பேசாமல் நிற்பேன். ஒரு நாள் எப்படியோ அந்த முக்காட்டுப் படத்தைப் பற்றிச் சொன்னேன். கிழவி மாதிரி மோவாயில் கை வைத்துக் காட்டினேன். குழாயடியே சிரித்தது. அப்போதிலிருந்து புதுசாக யார் வந்தாலும், எக்கா, அந்த முக்காட்டுக் கதையைச் சொல்லுங்க என்பார்கள். அஞ்சலை அக்காவின் பெயரை எடுத்துவிட்டேன், கால்களை எடுத்துவிட்டேன், ஆஸ்பத்திரியை எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது சிரிப்புதான். நான் கூச்சம் விட்டுப் பேசக் கற்றுக்கொண்டது அந்தக் கதையால்தான். நீ ஐந்து வயசில் முறத்தைப் படம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னா தெரியுது சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றுவாய். உன் ஆட்டம் அங்கே ஆரம்பித்ததுதான். போன மாசம் பேப்பர்க்காரரிடம் நீயே அப்படிச் சொன்னாயாம். எங்கம்மாகிட்டேருந்து வந்தது என்று.

உனக்கு ஐந்து வயசான அதே வருஷம்தான், உன்னைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போக விழுப்புரம் ஸ்டேஷனில் நின்றபோது, கொய்யாக்கூடையோடு ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கறுத்து மெலிந்திருந்தார். என்னைத்தான் முதலில் அடையாளம் கண்டார். “சேவிகாம்மாவோட படம் புடிச்சிக்கினு நிப்பியே, அந்தப் பாப்பாதானே நீ?” என்றார். உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு கொய்யாவைத் துடைத்துக் கையில் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணன் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார். அப்புறம் குரலை இறக்கி, “என்னிய ஆஸ்பத்திரியில யாரோ பாத்ததா அண்ணங்கிட்ட சொன்னாங்களாம். யாருன்னு அவன் சொல்லவே இல்ல. உனக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாதுக்கா” என்றேன்.

ரயில் வந்துவிட்டது. நீ ஜன்னலில் கொய்யாவைக் கடித்துக்கொண்டு அவருக்குக் கையாட்டினாய். அதற்குப் பிறகும் நான் குழாயடியில் அந்தக் கதையைச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு மாசம் சொல்லவில்லை. பிறகு சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆட்டத்தை நிறுத்து என்றும் கேட்கவில்லை. ஒரு படத்தை ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் ஊர்க் கண்ணால்தான் பார்க்கிறார் என்று நீ சொல்வது சரிதான். களத்தில் இருந்த அந்தப் பொம்பளைகள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் அந்தப் படம் அப்படித்தான் தெரியும். டெல்லியில் அவர்களாக மாறி நடிக்கும்போது அதை மறந்துவிடாதே. கேலி செய்ய வேண்டுமானால், சரியாகத் தெரிந்தும் வேறு மாதிரி சொன்னவளைச் செய். ஆனால் அதை உன்னால் செய்ய முடியுமா, என்னை அப்படி மேடையில் நிறுத்த உனக்கு மனசு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தால் நிறுத்து. நான் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவிடம் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் டீக்கடையில் கேட்டேன். கொய்யாக்காரம்மாவா என்று கேட்டு வழி காட்டினார்கள். கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு குடிசை, வாசலில் இரண்டு ஆடு. அஞ்சலை அக்கா ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொல்லிப் பலகையை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். களத்தில் சொன்னதை, அண்ணன் கேட்டபோது சொல்லாததை, கதவுக்குப் பின்னால் இருந்ததை, ஸ்டேஷனில் தெரியாது என்றதை. வரிசை தவறாமல் சொன்னேன். அவர் கையில் இருந்த தழையைக் கீழே போடவில்லை.

“உங்க அண்ணங்கிட்ட வந்து சொல்றேன்க்கா. இப்பவே வர்றேன். பஸ்ஸு இருக்குது” என்றேன்.

“அவன் செத்து நாலு வருசம் ஆவுது” என்றார்.

ஆடு அவர் கையிலிருந்த தழையை இழுத்தது. அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல பாப்பா. கூட்டத்துக்கு என்னிய விடமாட்டாங்க இல்ல. அந்தப் படத்தச் சொல்லித்தான் என்னிய அனுப்புனாங்க. அதுல இன்னாதான் இருந்துச்சி?”

வாயால் சொல்ல ஆரம்பித்தேன், வரவில்லை. என் தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே வைத்தேன். பொட்டை அழித்தேன். அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டேன். படத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருப்பாள், அது மட்டும் என்னால் ஆகவில்லை. இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, வலது கையை நாடி பார்க்க அவர் பக்கம் நீட்டினேன்.